வருகை நாளன்று அவிழ்த்துவிட்ட மாடுகள்

பிரியமான மகனுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் நலம், நீ நலமா என்று தொடங்கினால் அது பொய்யாகிவிடும். போன வியாழக்கிழமை சாயங்காலம் நீ பெங்களூரிலிருந்து பேசிவிட்டுப் போனை வைத்ததிலிருந்து எனக்குக் கோபம், உன் அப்பாவுக்கு வருத்தம். அவருக்கு வருத்தம் வந்தால் மாட்டுக் கொட்டகையைக் கூட்டுவார். இப்போது கொட்டகையில் இலை போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். போனிலேயே பேசித் தீர்த்திருக்கலாம்தான். ஆனால் போனில் நீ வசனம் சொல்வாய், நான் குரலை உயர்த்துவேன், நடுவில் டவர் போய்விடும். பால்வாடியில் காலமெல்லாம் பிள்ளைகளோடு கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. எழுத உட்கார்ந்தால்தான் நிதானத்துக்கு வருகிறேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உன் ஜெபக்குழுவில் உரக்க வாசித்தாலும் சரி, யாராவது அச்சில் போட்டாலும் சரி, ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் காதில் வாங்கினேனா என்று முதலில் எழுதிவிடுகிறேன். "கல்யாணத்த தள்ளி வச்சுக்கலாம்மா. எக்காளப் பண்டிகை தாண்டட்டும். தாண்டாதுன்னுதான் எனக்கு விசுவாசம். எஸ்தர் வூட்ல நீயே சொல்லிடு" என்றாய். பெண் வீட்டில் நான் எப்படிடா போய்ச் சொல்வது என்று கேட்டேன். "சொல்லாம வுட்டாலும் பரவால்லம்மா, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்" என்றாய். அடுத்த மாதம் கல்யாணம், அதற்கடுத்த மாதம் யூதர்களின் எக்காளப் பண்டிகை. அந்தப் பண்டிகைக்குள் கர்த்தர் மேகத்தில் வந்து தம்முடைய ஜனங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று உன் குழுவில் கணக்குப் போட்டிருக்கிறார்கள், நீயும் அதை நம்பிவிட்டாய். கல்யாணம் தள்ளிப்போவதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. மண்டபம் வேறு தேதிக்கும் கிடைக்கும். சொல்லாமல் விட்டாலும் பரவாயில்லை என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் கர்த்தரின் வருகையை நம்பாதவள் என்று நினைத்துவிடாதே. அம்மா பழைய சபைக்காரி, அவளுக்கு ஆவிக்குரிய சத்தியம் எட்டாது என்று உன் நண்பர்களிடம் நீ சொல்லக்கூடும். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, அவர் திரும்பவும் வருவார் என்ற இடத்தில் என் குரல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஓங்கித்தான் கேட்கும். உன் அப்பா அதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார். திருவிருந்து எடுக்கும்போதும் அவர் வருமளவும் என்றுதான் எடுக்கிறோம். நான் சாகும் முன் வந்தால் பார்ப்பேன், செத்த பிறகு வந்தால் எழுப்புவார். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரைத் தவிர யாரும் அறியார், தூதர்களும் அறியார் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கும்போது, பெங்களூரில் ஒரு ஃபர்னிச்சர் கடை மாடியில் கூடுகிற பதினைந்து பேருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தேன். கடைசிக் காலத்து அடையாளங்கள் என்று அத்திமரம் துளிர்த்தது, ஒரு தலைமுறை, ஏழு பண்டிகைகள், போர்கள், நிலநடுக்கம், கடைசியில் ஆலயத்துப் பலிக்கென்று எருசலேமுக்குக் கொண்டுபோன சிவப்புக் கிடாரி. அழகாக வரைந்திருக்கிறார்கள், கலர் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சங்கதிகூட எனக்குப் புதிதில்லை. உபத்திரவ காலத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்கிறவர்களையும் கேட்டிருக்கிறேன், உபத்திரவத்தைக் கடந்துதான் என்கிறவர்களையும் கேட்டிருக்கிறேன். ஆயிரம் வருட அரசாட்சி முதலில் வருமா, அவர் முதலில் வருவாரா என்று நம் சபையிலேயே இரண்டு மூப்பர்கள் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தார்கள். ஆயிரம் என்பதே நம்முடைய வருடக் கணக்கு இல்லை என்பார் எஸ்தரின் அப்பா. பொம்மிடியில் தண்டவாளம் பார்த்து ரிட்டையர் ஆன மனிதர். நிச்சயதார்த்தத்தன்று சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது வருகையைப் பற்றி நீ ஏதோ சொல்ல, "ரயிலுக்கு டைம்டேபிள் அச்சடிச்சிக் குடுத்திருக்காங்க, அதுவே சொன்ன நேரத்துக்கு வரமாட்டேங்குது. அவரு டைம்டேபிளே குடுக்கல, நீங்க எத வச்சிங்க தம்பி கணக்குப் போடறீங்க?" என்று உன்னைக் கேட்டார். நீ சிரித்தாய். அப்போதே உன் மனதில் இது இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நாங்களும் ஒரு நாள் குறித்துக் காத்திருந்தோம். நீயும் காத்திருந்தாய், என் மடியில். உனக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. இரண்டாயிரம் பிறக்கப் போகிறது என்று உலகமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருட ஆடி மாதம் வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்கிற ஓர் ஊழியக்காரர் நம் கிராமத்துக்கு வந்து ஒரு வாரம் கூட்டம் நடத்தினார். போர்வை அகலத்துக்கு ஒரு துணிப்படம் வைத்திருந்தார். அதை நம் சபைக் கோயிலுக்கு முன்னால் இருந்த வேப்பமரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் கட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்குவார். உன்னுடைய படத்தில் இருக்கிற அதே அத்திமரம், அதே தலைமுறை. வருடத்தின் கடைசி ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி என்று நேரம் வரைக்கும் சொன்னார். நம் போதகருக்கு ஆறேழு ஊர்களில் சபை, மாதத்தில் ஒரு ஞாயிறுதான் நம் ஊருக்கு முறை. அவர் காதில் விழுவதற்குள் இங்கே எல்லோரும் நம்பியாகிவிட்டது, பிறகு அவர் எடுத்துச் சொல்லியும் யார் மனதிலும் ஏறவில்லை.

நம்பியவர்கள் என்ன செய்தோம் என்று கேட்டால் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அவ்வளவு சாதாரணக் காரியங்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. வீட்டில் உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டியிருந்தது, அப்பா விட்டுவிட்டார். அந்த வருடம் அவரைக்கொட்டையும் ஊன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. பெண்கள் மட்டும் ஒரு வேலையை அக்கறையாகச் செய்தோம். இரவல் வாங்கின சாமான்களையெல்லாம் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்ற எண்ணம். பக்கத்துக் காட்டு மாதையன் அண்ணன் உனக்கு நினைவிருப்பார். அவர் வீட்டிலிருந்து வாங்கிய பெரிய வடைச்சட்டி நம் வீட்டிலேயே வருடக்கணக்காகக் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்னா தங்கச்சி திடீர்னு? ஊருக்கு கீருக்குப் போறியா?" என்று அவர் வீட்டு அக்கா கேட்டார். "ஆமாங்க்கா, ஒரு ஊருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் ஏன் அதற்கு மேல் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். நாங்கள் போய்விடுவோம், மீந்து நிற்கிறவர்களுக்குப் பொல்லாத காலம் வரும் என்று ஊழியக்காரர் சொன்னதை நான் மெய்யாகவே நம்பினேன். அந்த அக்கா எனக்குப் பிரசவம் பார்க்க வந்தவர். நீ பிறந்த அன்று உன்னை முதலில் கையில் வாங்கியவர் அவர். அவருக்கு என்ன ஆகும் என்று நினைத்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால் சிரிப்பார்களே என்ற வெட்கம் தடுத்தது. உங்களுக்கு மட்டும்தான் சொர்க்கமா என்று கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயமும் இருந்தது. அதனால் எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டோம். எங்களோடு வேதம் படிக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த நாளாக அதை வைத்துக்கொண்டோம்.

உன் அப்பாவுக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. கூட்டத்தின் கடைசி நாளில், சந்தேகம் இருக்கிறவர்கள் கேட்கலாம் என்று ஊழியக்காரர் சொன்னபோது இவர் எழுந்து நின்றார். ஏதோ பெரிய விஷயம் கேட்கப் போகிறார் என்று நான் பெருமையாகப் பார்த்தேன். "ஐயா, நாங்க எல்லாம் போயிட்டா மாட்டுக்கு யாருங்க தண்ணி காட்டறது?" என்றார். பின்னால் இளைஞர்கள் சிரித்தார்கள். ஊழியக்காரர் சிரிக்கவில்லை. "பிரதர், மிருகஜீவனுக்கு ஆத்துமா கெடையாது. நீங்க நித்தியத்தப் பத்தி யோசிங்க" என்று முடித்துவிட்டார். அப்பா உட்கார்ந்துகொண்டு என்னிடம் மெல்லக் கேட்டார். "ஆத்துமா இல்லைன்னா தாகம்கூடவா இல்லாமப் போயிரும்?" வீட்டுக்கு நடந்து வரும்போது அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு மாடுகளை அவிழ்த்துவிட்டுப் போவது. கட்டுத்தறியிலேயே காய்ந்து சாகாமல், எங்கேயாவது மேய்ந்து தண்ணீர் குடித்துப் பிழைத்துக்கொள்ளட்டும். அவர் இதை இரண்டு பேரிடம் சொன்னார், அது நல்ல யோசனை என்று சபை முழுக்கப் பரவிவிட்டது.

அந்த ஞாயிறு சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வெள்ளை உடுத்திக் கோயிலுக்குப் போனோம். போகும் முன் அவரவர் கொட்டகையில் கயிற்றை அவிழ்த்தோம். நம்மிடம் ஒரு வெள்ளைப் பசுவும் ஒரு சிவப்புக் கிடாரியும் இருந்தன. உன் எருசலேம் கிடாரியைப் படத்தில் பார்த்தவுடன் எனக்கு அதன் ஞாபகம்தான் வந்தது. அப்பா அதன் கழுத்தைத் தடவிவிட்டு, "போ சாமி, பொழச்சிக்க" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கோயிலில் பாட்டுப் பாடினோம், ஜெபித்தோம், ஒருவரை ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அது நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வருடக்கணக்காக முகம் பார்க்காத அந்த இரண்டு மூப்பர்களும் அன்றுதான் கட்டிக்கொண்டு அழுதார்கள். நீ மடியில் உட்கார்ந்து முறுக்கு வேண்டும் என்று நச்சரித்தாய். மூன்று மணி நெருங்கியபோது பாட்டு நின்றுவிட்டது. நான் உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போகும்போது விட்டுப்போய்விடக் கூடாதே என்று பிடித்தேன். நீ வலிக்கிறது என்று அழுதாய்.

மூன்று அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்த நாளுக்கென்று திரும்பி வந்திருந்த ஊழியக்காரர், எருசலேம் நேரம் வேறு, நம்முடைய கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, இன்னும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார். அப்போதுதான் வெளியிலிருந்து மாதையன் அண்ணனின் குரல் கேட்டது. "உள்ள யாராச்சும் இருக்கீங்களாப்பா? உங்க மாடுங்க பூராவும் எங்காட்டுல கெடக்குது! செவப்புக் கெடாரி வயிறு ஊதி சாகப் போவுது!" அவருடைய காட்டில் கேழ்வரகு அறுத்தாகிவிட்டது, ஊடே விதைத்திருந்த அவரை கொத்துக் கொத்தாகக் காய்த்து நின்றது. பச்சை அவரையை வெறும் வயிற்றில் மேய்ந்தால் மாட்டுக்கு வயிறு ஊதும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவிழ்த்துவிட்டபோது எங்கள் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

உன் அப்பா எழுந்தார். ஊழியக்காரர் கையை நீட்டி, "பிரதர், இந்த நேரத்துல வெளிய போயிராதீங்க. இதுதான் சோதனை" என்றார். அப்பா வாசலில் ஒரு நிமிடம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். எனக்கு அப்போது வந்த பயத்தைப் போல வாழ்க்கையில் இன்னொன்றை நான் அறியவில்லை. இப்போது வந்துவிட்டால் இந்த மனிதர் மட்டும் காட்டில் மாட்டோடு நிற்பாரே, நாங்கள் இரண்டு பேரும் மேலே போய்விடுவோமே என்றுதான் நினைத்தேன். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன், மூடிய கண்ணுக்குள்ளும் அவர் ஓடுவதுதான் தெரிந்தது. உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன். கைவிடப்பட்டால் மூன்று பேரும் சேர்ந்தே கைவிடப்படுவோம் என்றுதான் அப்போது தோன்றியது. இதை நான் இத்தனை வருடத்தில் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

நாங்கள் போனபோது கிடாரி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. இடது பக்கம் பானை மாதிரி உப்பியிருந்தது. அதன் வாயில் மாதையன் அண்ணன் ஏற்கெனவே குறுக்கே ஒரு வேப்பங்குச்சி வைத்துக் கட்டியிருந்தார். சமையலுக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை அக்கா எடுத்து வந்து மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டியிருந்தார். காட்டில் பாதி அவரை போய்விட்டது, மீதியும் மிதிபட்டுக் கிடந்தது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "புடிங்கப்பா, நிக்க வைங்க" என்றார் அண்ணன், அவ்வளவுதான். நாங்கள் மாற்றி மாற்றி வயிற்றைத் தேய்த்தோம். பொழுது சாயும் நேரத்தில் கிடாரி பெரிதாக ஏப்பம் விட்டது, பிறகு தானாக எழுந்து நின்றது. அக்கா சிரித்துவிட்டார், நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் மாதையன் அண்ணன் கேட்டார், ஏனப்பா ஊரில் உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் மாட்டை அவிழ்த்துவிட்டீர்கள் என்று. உன் அப்பாவுக்கு மழுப்பத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னார். சிரிக்கப் போகிறார்கள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாதையன் அண்ணன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போறது போறீங்க, உங்க சாமி கூப்புடுது, போறீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக்கூடாதா? மாட்ட நாங்க பாத்துக்க மாட்டமா?" என்றார். அக்கா என்னைப் பார்த்து, "அன்னிக்கி சட்டி குடுக்க வந்தப்பகூட ஊருக்குன்னுதான சொன்ன?" என்று மட்டும் கேட்டார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊழியக்காரர் மறுநாள் காலையில் துணிப்படத்தைச் சுருட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டி பஸ் ஏறிவிட்டார். எங்களுடைய ஜெபத்தைக் கேட்டுக் கர்த்தர் இரக்கமாகத் தாமதித்தார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன், அவரும் நம்பினார், எங்களோடு அவரும் அன்று வெள்ளை உடுத்திக் காத்திருந்தார். சிலர் வெட்கத்தில் பல மாதங்கள் கோயிலுக்கு வரவில்லை. போதகர் தம் முறை ஞாயிறன்று வந்தபோது பிரசங்கத்தில் எங்களைக் குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தோம். வாசலில் கை கொடுக்கும்போது உன் அப்பாவிடம், "எஜமான் வரும்போது வேலைக்காரன் வேலையில இருந்தா அதுதான் பாக்கியம்னு சொல்லியிருக்குது. கெடாரி இப்ப நல்லாருக்குதா?" என்று கேட்டார். அடுத்த பருவத்தில் அப்பா மாதையன் அண்ணன் காட்டை உழுது கொடுத்தார், நம் வீட்டு ஓடுகளையும் மாற்றினார். அதோடு அந்தக் கதை முடிந்தது. ஆதி சபையிலேயே வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களை அப்போஸ்தலர் கண்டித்திருக்கிறார் என்று பிறகு படித்தபோது, நாங்கள் ஒன்றும் புதிதாகத் தப்பு செய்துவிடவில்லை என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உன் கணக்கு தப்பு என்று நிரூபிக்க இதை நான் எழுதவில்லை. சரியாகவே இருக்கட்டும். எக்காளப் பண்டிகையன்றே அவர் வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான், மூட்டுவலியாவது தீரும். அது சரி என்று நீ மெய்யாகவே நம்பினால், அதை முதலில் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? உனக்கு மோதிரம் போட்ட பெண்ணிடம். அவளும் ஆயத்தமாக இருக்கட்டும் என்ற அக்கறையில் அன்றைக்கே பஸ் ஏறி வந்து சொல்லியிருக்க வேண்டும். நீயோ சொல்லாமலே போய்விடலாம் என்கிறாய். அவள் தன் வீட்டில் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நீ மட்டும் வெள்ளை உடுத்தி மேலே போய்விடலாம் என்று நினைக்கிறாய். ஒருவேளை விஷயம் அதுவும் இல்லையோ? கல்யாணம் என்றால் பயமாக இருக்கிறதா? அப்படியானால் பயம் என்று சொல், நானும் பயந்துதான் கழுத்தை நீட்டினேன், அது ஒன்றும் அவமானமில்லை. பெண்ணைப் பிடிக்கவில்லையா, அதையும் சொல், திட்டுவேன், ஆனால் கேட்பேன். கர்த்தர் மேல் பழியைப் போட்டுவிட்டு நீ ஒளிந்துகொள்வதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எஸ்தர் நேற்று வீட்டுக்கு வந்தாள். நீ ஒரு வாரமாக அவள் போனை எடுக்கவில்லையாம். தருமபுரியில் ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். நீயே சொல்ல வேண்டியது, நான் சொல்லக் கூடாது என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். "அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா அத்தை?" என்று அவள் கேட்டபோது என்னால் முடியவில்லை. ஒருமுறை வாசலில் நின்று மழுப்பியது போதும் என்று நீ சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இத ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்றாள். வருகை நிஜமா, கல்யாணம் நடக்குமா, ஊர் என்ன பேசும் என்று எதையும் அவள் கேட்கவில்லை, இது ஒன்றைத்தான் கேட்டாள்.

பிறகு பேசினாள். "அவரு நம்பறது தப்புன்னு நான் சொல்லலீங்க அத்தை. நானும் நம்பறவதான். எங்க வார்டுல தெனமும் யாருக்காச்சும் அது கடைசி நாளாத்தான் இருக்குது. வெளிய நிக்கிற சொந்தக்காரங்ககிட்ட நாங்க போயி நேர்ல, மூஞ்சியப் பாத்து சொல்றோம். அதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை, ஆனா யாரும் அத இன்னொருத்தர்கிட்ட தள்ளி வுடறதில்ல." கொட்டகையிலிருந்து உன் அப்பா வந்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து அவள், "மாமா, வர்ற ஞாயித்துக்கெழம எங்க கல்யாண ஓலை வாசிக்கறதா இருந்துதில்லீங்களா, அத நிறுத்தச் சொல்லாதீங்க. நானும் இங்க ஆராதனைக்கு வர்றேன்" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, "அவன வரச்சொல்லு" என்றார். உனக்காக அவர் என்னிடம் சொல்லச் சொன்னது அவ்வளவுதான்.

அதனால் நான் போதகரிடம் போய் ஓலையை நிறுத்தச் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு முதல் ஓலை. நீ சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கிறாய். உன் பெயரையும் உன் அப்பா பெயரையும், அவள் பெயரையும் அவள் அப்பா பெயரையும் போதகர் வாசிப்பார். இந்த இரண்டு பேரும் விவாகத்தில் இணைவதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்பார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் சும்மா நிற்பார். எனக்குத் தெரிந்து நம் கோயிலில் அந்த நேரத்தில் யாரும் எழுந்ததில்லை. உனக்குத் தடை இருக்கிறதென்றால் நீ எழுந்திரு. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றினால் ஆராதனைக்கு முன்பே வந்து அவளிடம் தனியாகச் சொல். எது சொன்னாலும் நானும் அப்பாவும் குறுக்கே வரமாட்டோம், உன்னை வீட்டைவிட்டுத் தள்ளவும் மாட்டோம். எக்காளம் ஊதும்வரை உனக்குச் சோறு போட நான் இருக்கிறேன், ஊதிய பிறகு போடுவதற்கும் ஆள் இருப்பார். ஆனால் போனில் சொல்லாதே, என்னைச் சொல்லவும் சொல்லாதே. அவள் பெண்கள் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்திருப்பாள். காலை எட்டரைக்கு மணி அடிக்கும், அதற்கு முன் வந்து அவள் முகத்தைப் பார்.

அம்மா